கைப்பிடிச் சுவர் விழுந்ததற்கு டிஷ் பொறுப்பல்ல

அனுப்புநர்:
தையல் வேலை செய்பவர்,
மூன்றாம் பிளாக், மேல்மாடி, படிக்கட்டுக்கு வலப்புற வீடு.
(தையலம்மா வீடு என்று கேட்டால் காட்டுவார்கள்.)

பெறுநர்:
பராமரிப்பு அலுவலர் அவர்கள்,
குடியிருப்புப் பராமரிப்பு அலுவலகம்,
முதல் பிளாக், தரைத்தளம்.

பொருள்: மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் இடிந்ததற்கு எங்கள் வீட்டு டிஷ்ஷைக் குற்றவாளியாக்கிய அறிவிப்பை ரத்து செய்யவும், மீதிச் சுவரை அது தானாக இறங்குவதற்கு முன் ஆள் வைத்து இறக்கவும், டிஷ்ஷைத் தையல் மிஷின் ஸ்டாண்டிலேயே விட்டுவைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை:
1. டிஷ்ஷை உறுதியான தாங்கிக்கு மாற்றச் சொன்ன தங்கள் அலுவலக அறிவிப்பு.
2. அதைக் கைப்பிடிச் சுவரில் வைக்கச் சொன்ன தங்கள் அலுவலக அனுமதி.
3. அதைக் கைப்பிடிச் சுவரில் வைத்ததற்காக வந்த தங்கள் அலுவலக அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மூன்று தாள்களும் ஒரே அலுவலகத்திலிருந்து, ஒரே முத்திரையுடன் வந்தவை. முதல் இரண்டுக்கும் நான் வரி பிசகாமல் கீழ்ப்படிந்தேன். அப்படிக் கீழ்ப்படிந்ததால்தான் மூன்றாவது வந்தது. ஆகவே நடந்ததை முதலிலிருந்து தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

1. எங்கள் வீட்டில் இருப்பது நானும் என் அக்காவும். அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அத்தான் இறந்த பிறகு என்னோடு வந்துவிட்டார். நான் துணி தைக்கிறேன். அவர் பட்டன் கட்டுகிறார், ஓரம் அடிக்கிறார், நான் கோணலாகத் தைத்ததைச் சொல்லாமல் பிரித்துவிடுகிறார். மாலையில் ஒரு சேனலில் சைகைமொழிச் செய்தி வருகிறது. திரையின் ஓரத்தில் சின்னக் கட்டத்துக்குள் ஒரு பெண் நின்று இரண்டு கைகளாலும் செய்தி சொல்வார். அக்காவுக்கு உலகம் வீட்டுக்குள் வரும் வழி அந்தக் கட்டம்தான். எனக்குத் தெரிந்த சைகை அரைகுறை. உப்பு, ஊசி, தலைவலி, வாடகைக்காரர் என்ற அளவில் ஓடும். தேர்தல், நிலநடுக்கம், விலைவாசி என்று வந்தால் எனக்குக் கை எழாது. அதையெல்லாம் சாப்பிடும்போது அக்காதான் எனக்குச் சொல்வார். காது கேட்கும் தங்கைக்குக் காது கேட்காத அக்கா செய்தி சொல்லும் வீடு எங்களுடையது.

2. இந்தச் சேனல் நம் பிளாக்குக்கு வரும் கேபிளில் இல்லை. கேபிள்காரரிடம் கேட்டோம். யாரும் கேட்காத சேனலை எதற்குக் கொடுப்பது என்றார். அவர் வேறு பொருளில் சொல்லியிருக்கலாம். செல்பேசியில் பார்க்கக் கூடாதா என்று தங்கள் மேற்பார்வையாளரும் ஒருமுறை கேட்டார். பார்க்கலாம். செல்பேசித் திரையின் ஓரத்தில் அந்தப் பெண் ஒரு சட்டைப் பட்டன் அளவுக்கு வருவார். அவருடைய விரல்கள் பட்டனின் துளை அளவுக்கு வரும். அக்காவின் கண்ணுக்கு இப்போது ஊசியில் நூல் கோப்பதே நான்தான். எனவே டிஷ் வாங்கினோம்.

3. டிஷ் மாட்ட வந்தவர் இந்த வட்டாரத்தில் பல கூரைகளில் ஏறியவர். பால்கனிக் கம்பியில் இரண்டு பட்டைகளைப் போட்டு இறுக்கி, "ஆடாது தங்கச்சி. நான் கேரண்டி" என்றார். கம்பியே ஆடும் என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்தக் கம்பியின் கீழ்முனையில்தான் கீழ்வீட்டுக் கண்டக்டர் துணிக்கொடி கட்டியிருக்கிறார். அவர் ஈரப் போர்வையைக் கொடியில் போட்டால் மேலே எங்களுக்குச் செய்தி நின்றுவிடும்.

4. டிஷ் ஆடினால் என்ன ஆகும் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். ஒரு விரல் அகலம் திரும்பினாலே போதும், படம் உறைந்துவிடும். தங்களுக்கோ எனக்கோ அது சின்ன எரிச்சல். அக்காவுக்கு அது பேசிக்கொண்டிருந்தவரின் வாயைப் பொத்தியது போல. அந்தப் பெண்ணின் கை அந்தரத்தில் நின்றுவிடும், பாதி வாக்கியத்தோடு. ஒரு மாலை "காலமானார்" என்பதற்கான சைகையில் படம் நின்றது. யார் என்று வருவதற்குள் கண்டக்டர் வீட்டில் இன்னொரு போர்வை கொடிக்கு ஏறியிருக்க வேண்டும். அக்கா என்னைப் பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் அனுப்பி யார் இறந்தார் என்று கேட்டுவரச் சொன்னார். எங்கும் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை. மறுநாள் மறு ஒளிபரப்பில்தான் தெரிந்தது, வெளிநாட்டில் வயதான ஒரு யானை. அதுவரை அக்கா தன் பழைய பள்ளித்தோழிகள் ஒவ்வொருவரையும் மனதுக்குள் சாகடித்துப் பார்த்துவிட்டார்.

5. இந்த நிலையில்தான் பார்வை 1-இல் கண்ட அறிவிப்பு வந்தது. பால்கனிக் கம்பியில் டிஷ் வைப்பது ஆபத்து, கீழே போவோர் தலையில் விழும், உறுதியான தாங்கிக்கு மாற்றவும் என்றிருந்தது. ஐயா, இந்த ஒரு விஷயத்தில் தங்கள் அலுவலகம் சொன்னது முழுக்கச் சரி. அந்தக் கம்பி டிஷ்ஷுக்கான இடமே இல்லை. அறிவிப்பைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நாளே தங்கள் அலுவலகத்துக்கு வந்து, உறுதியான தாங்கி என்றால் எது என்று கேட்டேன். அறிவிப்பு அனுப்புவோரிடம் அப்படிக் கேட்கும் வழக்கம் இல்லை போலும். அங்கிருந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மேற்பார்வையாளரைக் கை காட்டினார்கள்.

6. மேற்பார்வையாளர் நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். அதனால் பிளாக்குகளில் அவருக்குப் பார்க்கலாம் சார் என்றே பெயர். என்னிடம் பார்க்கலாம் என்று சொன்னதோடு நிற்காமல் நேரில் வந்தும் பார்த்தார். டிஷ்காரரும் உடன் இருந்தார். டிஷ் என்பது காற்றுக்கு ஒரு குடை மாதிரி, காற்று பிடித்தால் தாங்கியைப் பிடுங்கப் பார்க்கும், ஆகவே தாங்கி ஒன்று சுவரோடு சுவராக இருக்க வேண்டும், அல்லது மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டும், அல்லது தன் கனத்தாலேயே அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். மேற்பார்வையாளர் ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டு, ஒவ்வொன்றையும் மறுத்தார்.

7. வெளிச்சுவரில் போல்ட் அடிக்கக் கூடாது, ஓட்டை விழுந்தால் மழைநீர் இறங்கும் என்றார். எங்கள் சமையலறைக்கு வெளியே உள்ள விரிசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி வளர்ந்திருக்கிறது. அது அனுமதி பெற்று வளர்ந்ததா என்று நான் கேட்கவில்லை. தரையில் குழி தோண்டிக் கான்கிரீட் போட்டுக் குழாய் நிறுத்தக் கூடாது, தரை தோட்டப் பிரிவுக்குச் சொந்தம் என்றார். நம் வளாகத்தில் தோட்டம் எது என்று அறிய விரும்பினேன். அடக்கிக்கொண்டேன். மொட்டைமாடியில் இரும்புச் சட்டம் வைத்து, அதன் மேல் சிமெண்ட் கற்களை ஏற்றி நிறுத்தலாமா என்று டிஷ்காரர் கேட்டார். தளம் பாரம் தாங்காது என்றார் மேற்பார்வையாளர். அப்போது நாங்கள் மூவரும் நின்றுகொண்டிருந்தது தங்கள் அலுவலகம் அங்கே கொண்டுவந்து போட்டிருக்கும் துருப்பிடித்த மூன்று பீரோக்களுக்கும், உடைந்த தண்ணீர்த் தொட்டிக்கும், கழற்றிய கதவுக் குவியலுக்கும் நடுவில். டிஷ்காரர் பீரோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார்.

8. அப்படியானால் எங்கேதான் வைப்பது என்றேன். மேற்பார்வையாளர் மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். "இதுல போடுங்கம்மா. பழைய கட்டுமானம். அசைச்சுக் காட்டுங்க பார்க்கலாம்" என்றார். அவர் தட்டிய இடத்திலிருந்து சலித்த மாவு போல மணல் கொட்டியதை அவரிடம் காட்டினேன். அது மேல்பூச்சு, உள்ளே இரும்பு மாதிரி இருக்கும் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எழுதிக் கொடுத்தால் வைக்கிறேன் என்றேன். எழுதிக் கொடுத்தார். அதுவே பார்வை 2. அதில் "கைப்பிடிச் சுவரில் மட்டுமே" என்று இருப்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். "மட்டுமே"யின் கீழ் அவரே கோடும் போட்டிருக்கிறார்.

9. டிஷ்காரர் துளை போட்டபோது துரப்பணம் தயக்கமே இல்லாமல் உள்ளே போய் மறுபக்கம் எட்டிப் பார்த்தது. "தங்கச்சி, இது சுவரா பிஸ்கட்டா?" என்றார். நான் அனுமதித் தாளைக் காட்டினேன். தாளில் பிஸ்கட் என்று இல்லாததால் அவர் வேலையைத் தொடர்ந்தார். வெறும் போல்ட் பிடிக்காது என்று, சுவருக்கு இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து, நடுவே நீளமான திருகாணிகளைக் கோத்து, சுவரையே சாண்ட்விச் போல நெருக்கிப் பிடித்தார். இனிமேல் சுவரை விட்டு டிஷ் வராது என்றார். அந்த வாக்கு மட்டும் கடைசிவரை பொய்க்கவில்லை.

10. அதற்குப் பிறகு சில வாரங்கள் எங்கள் வீட்டில் நல்ல காலம். படம் கண்ணாடி போல வந்தது. கண்டக்டர் எத்தனை போர்வை துவைத்தாலும் செய்தி நிற்கவில்லை. அக்கா ஒருநாள் என்னிடம், அந்தப் பெண்ணுக்கு இடது மணிக்கட்டில் ஒரு மச்சம் இருக்கிறது, இத்தனை நாள் பார்க்கவே முடியவில்லை என்றார். பிறகு அவரிடம் ஒரு புது வழக்கம் வந்தது. செய்தி முடிந்து அந்தப் பெண் வணங்கும்போது இவரும் திரையைப் பார்த்துக் கை கூப்புவார். நான் சிரித்ததற்கு, உனக்கு வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போகிறவர்களை வழியனுப்பத் தெரியாது என்று கோபித்துக்கொண்டார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், தங்கள் அலுவலகத் தயவால் விளைந்த நன்மையையும் மறைக்கக் கூடாது அல்லவா.

11. இனி அந்த நாள். புயல் அல்ல, எச்சரிக்கை எதுவும் இல்லை. மழைக்கு முன் வீசும் வழக்கமான காற்றுதான், சற்றுப் பலமாக. பிற்பகல். அக்கா கீழே பொதுக் கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போயிருந்தார். நான் பால்கனியில் கிளிப் வாளியோடு எங்கள் கொடியைக் காலி செய்துகொண்டிருந்தேன். தலைக்கு மேல் கல்லும் கல்லும் உரசுவது போல ஒரு முனகல். எட்டி மேலே பார்த்தேன். டிஷ் தலையாட்டியது. தனியாக ஆடியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். அதனோடு சேர்ந்து சுவரும் தலையாட்டியது. நேர் கீழே, துணிகளுக்கு நடுவில், அக்காவின் முதுகு.

12. நான் கத்தினேன். ஐயா, ஐம்பது வருடமாக எனக்குத் தெரியும், அவருக்குக் கேட்காது என்று. இருந்தும் கத்தினேன். கண்டக்டர் தன் பால்கனியிலிருந்து கத்தினார். எதிர் பிளாக்கிலிருந்தும் யாரோ, "அக்கா, நகருங்க, நகருங்க" என்று கத்தினார்கள். வளாகமே கத்தியது. அக்கா நிதானமாக ஒரு தலையணை உறையை நாலாக மடித்தார். வேறு வழி தோன்றாமல் கையில் இருந்த வாளியை அவரை நோக்கி வீசினேன். குறி தவறிப் பக்கத்தில் விழுந்தது. கிளிப்புகள் அவர் காலடியெங்கும் சிதறின. அவர் திரும்பி மேலே பார்த்தார். யார் என்று தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. என்னை நன்றாகத் திட்ட வேண்டுமானால் இரண்டு கையும் வேண்டும், நான் முழுதாகத் தெரியவும் வேண்டும். அதற்காகத் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னுக்கு நடந்து, திறந்த வெளிக்கு வந்து, உனக்கு மூளை இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தார். பாதிக் கேள்வியில் சுவர் விழுந்தது.

13. ஒரு கட்டில் நீளத்துக்கு விழுந்தது. அவர் நின்றிருந்த இடத்தில், அவர் துணி எடுத்துக்கொண்டிருந்த கொடியின் மேல். அக்காவுக்குச் சத்தம் கேட்கவில்லை. உள்ளங்காலில் அதிர்வு ஏறியிருக்கிறது. நான் ஏதோ பெரிதாகக் கீழே போட்டுவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். திட்டி முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். நான் மூன்று மாடியும் இறங்கி ஓடிப் போய்ச் சேர்ந்தபோது என்னிடம் ஏதோ சொன்னார். காது கேட்பவர்களுக்கு நாக்குக் குழறுவது போல அவருக்குக் கை குழறியது. எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. என்ன சொன்னார் என்று பிறகு கேட்டேன். அவருக்கே நினைவில்லை என்றார். அவர் கையை நான் என் கைக்குள் பிடித்துக்கொண்டேன். அது தவறு, பேசுகிறவரின் வாயை மூடுவது போல. ஆனால் அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

14. டிஷ் சுவரிலிருந்து கழலவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். சுவர்தான் கட்டடத்திலிருந்து கழன்றது. இடிபாட்டில் டிஷ்ஷும், இரண்டு தகடுகளும், நடுவில் ஒரு துண்டுச் சுவரும் இறுக்கமாக, ஒன்றையொன்று பிரியாமல் கிடந்தன. கண்டக்டர் அதைப் புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறார். டிஷ்ஷின் விளிம்பு மட்டும் லேசாக மடங்கியிருந்தது.

15. மறுநாள் காலை மேற்பார்வையாளர் வந்தார். முதல் தடவையாக, பார்க்கலாம் என்று சொல்லவில்லை. பார்த்துவிட்டார் அல்லவா. சம்பவம் நடந்தபோது அருகில் இருந்தது யார் என்று விசாரித்தார். அக்காவைக் காட்டினோம். அவர் அக்காவின் முகத்துக்கு நேரே வந்து, உரத்த குரலில், "சுவர் விழுறதுக்கு முன்னாடி ஏதாவது சத்தம் கேட்டுச்சாம்மா?" என்று கேட்டார். அக்கா உதட்டசைவைப் படித்து, இல்லை என்று தலையாட்டினார். "விழும்போது?" அதற்கும் இல்லை என்றார். அது உண்மைதானே. நான் குறுக்கிட்டு விளக்க முயன்றேன். சாட்சியைப் பேச விடுங்கள் என்றார்.

16. பார்வை 3-இல் கண்ட அறிவிப்பின் இரண்டாம் பத்தியைத் தாங்கள் கையெழுத்திடும் முன் படிக்க நேரம் கிடைத்திருக்காது என்று நம்புகிறேன். அதை அப்படியே தருகிறேன்: "சம்பவ இடத்துக்கு மிக அருகில் இருந்தவரே எவ்விதச் சத்தமும் கேட்கவில்லை எனக் கூறியுள்ளார். எனவே சுவர் பலவீனத்தால் தானாக இடிந்து விழவில்லை என்பதும், டிஷ்ஷால் மெதுவாக இழுக்கப்பட்டு அகற்றப்பட்டது என்பதும் தெளிவாகிறது." இதன் அடிப்படையில், குடியிருப்புச் சொத்துக்குச் சேதம் விளைவித்த நான் சுவரை என் செலவில் கட்டித்தர வேண்டும் என்றும், டிஷ்ஷை உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்றும் உத்தரவாகியிருக்கிறது. இதை நான் அக்காவுக்குச் சைகையில் சொன்னேன். என் அரைகுறைச் சைகையில் ஏதோ பிசகிவிட்டது என்று நினைத்துத் தாளையே வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தப் பிற்பகலுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். அந்த வகையில் மேற்பார்வையாளருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

17. காற்று டிஷ்ஷைப் பிடித்தது, டிஷ் சுவரைப் பிடித்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கைப்பிடிச் சுவர் எதற்காகக் கட்டப்படுகிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். மொட்டைமாடியில் நிற்கும் ஆள் சாய்ந்தால் அவர் கீழே போகாமல் தடுக்கத்தானே. ஒரு தகரத் தட்டில் பட்ட காற்றைத் தாங்காத சுவர், துணி காயப்போட்டுவிட்டு இடுப்பைச் சாய்க்கும் பெண்ணையும், பட்டம் விட ஓடிவந்து மோதும் பிள்ளைகளையும் எந்தக் கணக்கில் தாங்கும்? டிஷ் இல்லாவிட்டால் அந்தச் சுவர் இன்னும் சில காலம் நின்றிருக்கும். பிறகு யாரோ ஒருவரோடு போயிருக்கும். அந்த யாரோவுக்கும் தங்கள் அலுவலகம் சேதத்துக்கான அறிவிப்பு அனுப்பியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெறுநர் வீட்டில் இருந்திருப்பாரா என்பதுதான் சந்தேகம்.

18. விழுந்த இடத்தைச் சுற்றிக் கீழே தங்கள் ஆட்கள் சிவப்பு நாடா கட்டியிருக்கிறார்கள். நன்றி. விழுந்துவிட்ட சுவர் இனி விழாது என்பதால் அந்த இடம்தான் இப்போது வளாகத்திலேயே பாதுகாப்பானது. மேலே, இடைவெளியை மறித்தும் ஒரு நாடா கட்டியிருக்கிறார்கள். அதன் இரு முனைகளையும் கட்டியிருப்பது மீதி நிற்கும் சுவரில். அந்தச் சுவரை நான் போன வாரம் தொட்டுப் பார்த்தேன். தொட்டதைத் திரும்பச் செய்யும் தைரியம் வரவில்லை. அதன் கீழேதான் தரைத்தளத்து இரண்டாம் வீட்டுக்காரர்கள் தொட்டிலை வெயிலுக்கு இழுத்துப் போடுகிறார்கள். நான் சொல்லிப் பார்த்தேன். நாடா இல்லாத இடம்தானே என்கிறார்கள். தங்கள் அலுவலகத்தின் மீது மக்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

19. தாங்கள் வேறு வழியில் கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: டிஷ் இப்போது மீண்டும் மொட்டைமாடியில் இருக்கிறது. அனுமதி இல்லை. மோட்டார் மிஷின் வாங்கிய பிறகு என் பழைய மிதி மிஷினின் வார்ப்பிரும்பு ஸ்டாண்ட் கதவுக்குப் பின்னால் சும்மா நின்றுகொண்டிருந்தது. அதைத் தூக்கி நகர்த்த எனக்கும் அக்காவுக்கும் பல வருடமாக மனமும் முதுகும் வரவில்லை. நகர்த்தவே முடியாத ஒரு சாமானை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, அசையாத தாங்கி எங்கே கிடைக்கும் என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் என்பது அக்காவுக்குத்தான் முதலில் உறைத்தது. கண்டக்டரும் டிஷ்காரரும் நானும் மூச்சு வாங்க மேலே ஏற்றினோம். அக்கா முன்னால் நடந்து, எங்கே திரும்ப வேண்டும் என்று கையால் சொன்னார். சத்தத்தை விட அது தெளிவாக இருந்தது என்று டிஷ்காரரே ஒப்புக்கொண்டார்.

20. ஸ்டாண்டைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, தளத்தின் நடுவில், கீழே உத்தரம் குறுக்கே ஓடும் இடமாகப் பார்த்து வைத்திருக்கிறோம். தளம் கீறாமலிருக்க நாலு காலுக்கும் அடியில் பழைய லாரி டியூப்பை வெட்டிப் போட்டிருக்கிறோம். மேலே மிஷின் உட்காரும் இடத்தில் குட்டையான குழாயை நாலு போல்ட்டால் பிடித்து அதில் டிஷ். குழாயை உயரமாக வைத்தால் காற்றுக்கு வசதியாகிவிடும் என்று வேண்டுமென்றே குட்டையாக வைத்தோம். கீழே மிதிக்கும் பலகையின் மேல் சிமெண்ட் கற்கள், பக்கவாட்டில் நழுவாமலிருக்க ஒரு பெல்ட். கட்டடத்தில் ஒரு ஆணி கூட அடிக்கவில்லை. மொத்தக் கனமும் தங்கள் பீரோ ஒன்றை விடக் குறைவு. பீரோவை அசைத்துப் பார்த்தே சொல்கிறேன். முதலில் ஒரு பக்கம் கல் குறைவாக வைத்துவிட்டோம், ஸ்டாண்ட் சற்று நொண்டியது. கண்டக்டர் தன் பழைய டிக்கெட் அட்டைகளை மடித்து ஒரு காலுக்குக் கீழே சொருகியதும் சரியாயிற்று. சென்ற வாரம் முன்னதை விடப் பலமான காற்று அடித்து, தங்கள் அலுவலகப் பெயர்ப்பலகை கழன்று விழுந்தது நினைவிருக்கும். அப்போது நானும் அக்காவும் படிக்கட்டுக் கதவிடுக்கில் நின்று பார்த்தோம். டிஷ் காற்றில் லேசாக நடுங்கியது. ஸ்டாண்ட் அசையவில்லை. கீழே வந்து பார்த்தால் அந்தப் பெண் வானிலை அறிக்கை சொல்லிக்கொண்டிருந்தார், பலத்த காற்று வீசக்கூடும் என்று.

21. ஆகவே ஐயா அவர்களை நான் கேட்டுக்கொள்வது: சுவர் பலவீனமானது என்பதற்குச் சத்தம்தான் சாட்சி என்றால், அன்று கத்திய மொத்த வளாகத்தையும் விசாரித்து அந்த அறிவிப்பை ரத்து செய்யுங்கள். எழுத்தில் அனுமதி தந்தவரைத் தண்டிக்க நான் கேட்கவில்லை. அவர் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தாவது சொன்னார். அதற்கு முன் எத்தனை வருடம் யாரும் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் முன்பாக, வேறு எந்தக் கோப்பை நகர்த்துவதற்கும் முன்பாக, மீதிச் சுவரை ஆள் வைத்து இறக்கி, உறுதியான கம்பி வேலி போட்டுத் தாருங்கள். இதில் மட்டும் எனக்குக் கிண்டல் இல்லை. என் அக்கா ஒரு தலையணை உறையை மடித்து முடிக்கும் நேர வித்தியாசத்தில்தான் உயிரோடு இருக்கிறார். தொட்டிலில் படுத்திருக்கும் பிள்ளைக்கு நான் எந்த வாளியை வீசுவேன்?

22. டிஷ் தாங்கியைத் தாங்கள் நேரில் வந்து சோதிக்கலாம். ஆட்டிப் பார்க்கலாம், தொங்கிப் பார்க்கலாம். அதில் குறை கண்டால் திருத்திக்கொள்கிறோம். இந்த மனுவை எழுதி முடித்து அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். என் வாக்கியங்களில் சிலதைப் பிரித்துத் தைத்தார். பிறகு தன் சார்பில் ஒன்று சேர்க்கச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: சோதனைக்கு எந்த நேரமும் வரலாம். செய்தி நேரத்தில் வந்தாலும் தவறில்லை, நாற்காலி இருக்கிறது, உட்கார்ந்து பார்க்கலாம், புரியாததைத் தாமே விளக்குவதாகச் சொல்கிறார். அலுவலர் அவர்கள் திரைக்குக் குறுக்கே மட்டும் நிற்காமல் இருந்தால் போதும்.

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்த்து, மேலே பார்த்தபடி நடக்கும்,

தையல் வேலை செய்பவர் (கையெழுத்து)
அக்கா (கையெழுத்து)

இடம்: மீதிச் சுவருக்கு நேர் கீழே உள்ள வீடு.
நாள்: தங்கள் அலுவலகத்தில் இதைப் பெற்றுக்கொண்டதாக முத்திரை விழும் நாள். எழுதிய நாளைப் போட்டால் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் தங்களுக்கு வருத்தம் தரக்கூடும்.

இணைப்பு: பார்வையில் கண்ட மூன்று தாள்களின் நகல்கள், கண்டக்டர் எடுத்த புகைப்படம், கைப்பிடிச் சுவர் மணல், ஒரு பொட்டலம்.